அன்னைக்குத் தந்த வாக்கு: காந்தியடிகளின் உணவு நெறி

விரதம் என்பது சமண இல்லங்களில் பிள்ளைகள் பொருள் அறியுமுன்பே செவியில் விழும் சொல். கதிரவன் மறையுமுன் உண்பதும், ஊனையும் கள்ளையும் தேனையும் விலக்குவதும், பருவ நாள்களில் உண்ணாநோன்பு இருப்பதும் பெற்றோரைப் பார்த்துப் பிள்ளைகள் பழகிக்கொள்வன. ஆயின் கல்விக்காகவும் பணிக்காகவும் அப்பிள்ளைகள் வேற்றூர் சென்று, விடுதியிலும் அலுவலக உணவுக்கூடத்திலும் தனித்து அமரும்போது, பார்த்துப் பழகிய பழக்கம் ஒன்றே துணைநிற்குமா என்னும் கவலை பெற்றோர் பலர்க்கும் உண்டு. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே நிலையில் இருந்தவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவர் பிறப்பால் வைணவர். எனினும் அவருடைய வாழ்வைக் காத்த விரதத்தை அவருக்கு அளித்தவர் ஒரு சமணத் துறவி. அந்த விரதம் எவ்வாறு அன்னையின் விருப்பமாகத் தொடங்கி அவருடைய சொந்த நெறியாக மலர்ந்தது என்பதே அவர் வாழ்வில் நாம் கற்கத்தக்க பகுதி.

கதிரவனுக்காகக் காத்திருந்த பிள்ளைகள்

காந்தியடிகள் 1869 அக்டோபர் 2ஆம் நாள் கத்தியவாட்டின் போர்பந்தரில் பிறந்தார். தந்தையார் கரம்சந்த் காந்தி சமஸ்தானத்தின் திவானாகப் பணியாற்றியவர். கூர்ச்சர நாட்டின் அப்பகுதியில் சமண நெறியின் மணம் எங்கும் பரவியிருந்தது. சமணத் துறவியர் கரம்சந்தரின் இல்லத்திற்கு அடிக்கடி எழுந்தருளி அவரோடு அறம் உரையாடுவர். சமணர் அல்லாத அக்குடும்பத்தில் உணவு ஏற்றுக்கொள்ளவும் அவர்கள் தயங்கியதில்லை.

அன்னையார் புத்லிபாய் நோன்புகளில் உறுதி மிக்கவர். ஒரு மழைக்காலத்தில் கதிரவனைக் கண்ணால் கண்ட பின்னரே உண்பது என்று அவர் நோன்பு ஏற்றிருந்தார். கார்முகில் சூழ்ந்த நாள்களில் பிள்ளைகள் முற்றத்தில் நின்று வானத்தையே நோக்கியிருப்பர். முகில் சற்றே விலகிக் கதிரவன் தோன்றியதும் அன்னையை அழைத்து ஓடுவர். அவர் வெளியே வந்து பார்ப்பதற்குள் கதிரவன் மறைந்துவிடும். பிள்ளைகள் முகம் வாடுவர். அன்னையாரோ முகம் மலர்ந்தபடியே வீட்டுப் பணிக்குத் திரும்பிவிடுவார். அன்று அவருக்கு உணவு இல்லை. நோன்பு என்பது முகத்தைச் சுளித்துக்கொண்டு தாங்கும் துன்பம் அன்று என்பதை அச்சிறுவர் கற்றது இக்காட்சியிலிருந்துதான்.

மறைவில் உண்ட ஊன்

ஆயினும் கண்டு கற்றது அனைத்தும் உறுதியாகிவிடுவதில்லை. இராசகோட்டில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது உடல் வலிமை மிக்க தோழர் ஒருவரின் நட்பு அவருக்கு வாய்த்தது. ஆங்கிலேயர் ஊன் உண்பதாலேயே வலிமை பெற்று நம்மை ஆள்கின்றனர் என்றும், நாமும் உண்டால் அச்சம் நீங்கி நாட்டை மீட்கலாம் என்றும் அத்தோழர் வாதிட்டார். இருளுக்கும் பாம்புக்கும் அஞ்சிய இளைஞரின் உள்ளத்தில் இவ்வாதம் எளிதில் வேரூன்றியது.

ஆற்றங்கரையில் ஆள் அரவமற்ற ஓரிடத்தில் முதன்முறை ஆட்டிறைச்சி உண்டார். தோலைப் போல் கடினமாக இருந்த அதனை விழுங்க இயலவில்லை. அன்றிரவு கண் மூடும்போதெல்லாம் உயிருள்ள ஆடு ஒன்று தம் வயிற்றினுள் கதறுவதுபோல் தோன்றித் துடித்து எழுந்தார். இருப்பினும் ஓராண்டுக் காலத்தில் ஐந்தாறு முறை இது தொடர்ந்தது. இறுதியில் அதனை நிறுத்தியது சுவையின்மையன்று. உணவை முன்வைத்து அழைக்கும் அன்னையிடம் பசியில்லை என்று பொய் சொல்ல வேண்டியிருந்ததே. பெற்றோர் வாழும் வரை ஊன் உண்பதில்லை என்று முடிவு செய்தார். ஆனால் ஊன் உண்பது நாட்டுக்கு நல்லது என்னும் எண்ணம் அப்போதும் அவர் அறிவில் அப்படியே தங்கியிருந்தது. அன்பு அவரைத் தடுத்ததே ஒழிய, அறிவு அவரை மாற்றவில்லை.

துறவி அளித்த விரதம்

1885இல் தந்தையார் மறைந்தார். குடும்ப நலம் நாடியவர்கள் மோகன்தாஸைச் சட்டம் பயில இலண்டனுக்கு அனுப்புமாறு அறிவுரை கூறினர். கடல் கடந்து சென்ற இளைஞர் ஊனும் மதுவும் பழகிக் கெடுவர் என்று கேள்வியுற்றிருந்த அன்னையார் கலங்கினார். மகன் எத்துணை உறுதி கூறியும் அவர் மனம் அமைதி அடையவில்லை. அப்போது துணைநின்றவர் பேச்சர்ஜி சுவாமிகள். அவர் முன்னர் காந்தி குடும்பத்தாரின் மோத் வணிகர் மரபில் தோன்றிப் பின்னர் சமணத் துறவு பூண்டவர். தாம் அவ்விளைஞனிடம் விரதம் பெற்றுத் தருவதாக அவர் அன்னையாருக்கு உறுதியளித்தார். மதுவையும் மங்கையரையும் ஊனையும் தீண்டுவதில்லை என்று அவர் முன்னிலையில் மோகன்தாஸ் விரதம் ஏற்றார். அன்னையாரும் விடை கொடுத்தார். 1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது நிறையவில்லை.

பசியும் புத்தகமும்

இலண்டனில் முதல் சில வாரங்கள் பெருந்துன்பமாயின. உப்பும் மசாலையும் இன்றி வேகவைத்த காய்கள் வாய்க்குள் செல்லவில்லை. நண்பர் ஒருவர் நாள்தோறும் ஊன் உண்ணுமாறு வற்புறுத்தினார். எழுத்தறிவற்ற தாயின் முன் அளித்த வாக்கு வாக்கே ஆகாது என்று வாதிட்டார். பெந்தாம் என்னும் அறிஞரின் நூலைப் படித்தும் காட்டினார். காந்தியடிகள் வாதத்திற்கு வாதம் சொல்லவில்லை. அத்தகைய நுண்ணிய வாதங்கள் தமக்கு விளங்கவில்லை என்றும், ஆயினும் விரதம் விரதமே என்றும் மட்டும் கூறி நின்றார்.

மேற்குக் கென்சிங்டனில் அவர் தங்கிய வீட்டின் பெண்மணி கைம்பெண், நல்லவர். காலையில் ஓட்ஸ் கஞ்சி ஓரளவு வயிற்றை நிறைத்தது. நண்பகலிலும் மாலையிலும் கீரையும் ரொட்டியும் பழப்பாகுமே கிடைத்தன. இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்குமேல் கேட்க அவருக்கு நாணம். அவ்வீட்டுப் பெண்கள் இருவரும் இரக்கம் கொண்டு மேலும் ஓரிரு துண்டுகள் தருவர். ஒரு முழு ரொட்டி இருந்தாலன்றி அவர் பசி ஆறாது என்பதை அவர்கள் அறியார்.

மரக்கறி உணவகங்கள் சில அந்நகரில் உண்டு என்று கேள்வியுற்று நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடினார். ஒரு நாள் பாரிங்டன் தெருவில் அத்தகைய உணவகம் ஒன்று கண்ணில் பட்டது. வாயிலருகே கண்ணாடிப் பேழையில் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள் ஹென்றி சால்ட் என்பார் மரக்கறி உணவுக்காக வாதிட்டு எழுதிய நூலும் இருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து அதனை வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். இங்கிலாந்து வந்தபின் அவர் வயிறார உண்டது அன்றுதான்.

அந்நூலை முதலிலிருந்து இறுதி வரை படித்து முடித்தபோது அவருள் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை அன்னைக்காக ஊனை விலக்கியவர், அன்று முதல் தாமே விரும்பி விலக்கியவர் ஆனார். நாட்டார் அனைவரும் ஒரு நாள் ஊன் உண்ண வேண்டும் என்று எண்ணியிருந்தவர், இனி மரக்கறி உணவைப் பரப்புவதே தம் கடமை என்று கொண்டார். அன்னையின் அன்பு அவரை அந்த உணவகத்தின் வாயில் வரை கொண்டு வந்து நிறுத்தியது. அதற்கு அப்பால் அவரை நடத்தியது அறிவின் தெளிவு. பின்னர் ஹோவர்ட் வில்லியம்ஸ் முதலியோரின் உணவியல் நூல்களைத் தேடித்தேடிப் படித்தார். 1890இல் இலண்டன் மரக்கறி உணவுக் கழகத்தின் செயற்குழுவில் இடம்பெற்றார். தாம் வாழ்ந்த பேஸ்வாட்டர் பகுதியில் மரக்கறி உணவு மன்றம் ஒன்றை நிறுவி அதன் செயலாளராகவும் இருந்தார். பேசக் கூசிய அவ்விளைஞர் முதன்முதல் பொதுத் தொண்டு பயின்ற களம் உணவே.

சுவையின் இருப்பிடம்

கொள்கை தெளிந்தபின் அவர் தம் அன்றாட வாழ்வைத் திருத்தத் தொடங்கினார். செலவை ஒவ்வொரு காசாகக் கணக்கெழுதினார். வண்டிச் செலவைக் குறைத்து நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடந்தார். அந்நடையே தம்மை நோயின்றிக் காத்தது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஓர் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்து, அடுப்பு ஒன்று வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சிக்கொண்டார். நண்பகலில் வெளியில் உண்டார். இரவுக்கு ரொட்டியும் கோகோவும். இவ்வாறு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் உணவுச் செலவு முடிந்தது.

ஊரிலிருந்து வரவழைத்த இனிப்புகளையும் மசாலைப் பொருள்களையும் நிறுத்தினார். முன்னர் வெறுத்த அதே வேகவைத்த கீரை இப்போது இனித்தது. கீரை மாறவில்லை, உண்பவரின் மனம் மாறியிருந்தது. சுவையின் உண்மையான இருப்பிடம் நாக்கன்று, மனமே என்னும் முடிவுக்கு அவர் வந்தது இவ்வனுபவத்தால்தான்.

முட்டை ஊனாகாது என்று கூறிய சிலரின் சொல் கேட்டுச் சில நாள்கள் முட்டை உண்டதும் உண்டு. ஆயின் விரதம் தந்த அன்னையார் ஊன் என்னும் சொல்லில் முட்டையையும் அடக்கியே கருதியிருப்பார் என்பதை உணர்ந்ததும் அதனை விட்டார். விரதத்தின் பொருளை ஏற்றவர் தம் வசதிக்கேற்ப வளைத்தல் ஆகாது, அளித்தவர் கருதிய பொருளே பொருள் என்பது அவர் கண்ட விதி. அதுமுதல் மரக்கறி உணவகத்திலும்கூட, பலகாரங்களில் முட்டை சேர்ந்துள்ளதா என்று பரிமாறுபவரிடம் கேட்டறிந்தே உண்டார். ஒரு முறை பெரிய உணவகம் ஒன்றில் நண்பர் விருந்தளித்தபோது சூப்பில் ஊன் உண்டா என்று கேட்க முற்பட்டதால் நண்பர் சினந்து அவரை வெளியேறச் சொன்னார். அவர் மகிழ்ச்சியுடன் வெளியேறினார். அருகிலிருந்த மரக்கறி உணவகம் மூடியிருந்ததால் அன்றிரவு பட்டினி கிடந்தார்.

1891இல் பாரிஸ்டராகித் தாயகம் திரும்பியபோது விரதத்தை நிறைவேற்றியதைச் சொல்லி மகிழ அன்னையார் உயிருடன் இல்லை. அவர் மறைந்த செய்தியை மகனுக்குத் தெரிவிக்காமலே வைத்திருந்தனர். பம்பாயில் வந்திறங்கிய வேளையில் இராசசந்திரர் என்னும் சமணப் பெரியாரின் அறிமுகம் கிடைத்தது. வைர வணிகம் செய்துகொண்டே ஆன்ம விசாரத்தில் ஆழ்ந்திருந்த அவ்வறிஞர், பின்னர்க் காந்தியடிகளின் உள்ளத்தில் ஆழப் பதிந்த சிலருள் ஒருவரானார்.

உப்பும் பருப்பும்

1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற அடிகள் அங்கும் உணவு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். தாம் சிற்றுண்டியாளர் அல்லர், நாள்தோறும் மூன்று வேளை நிறைய உண்டு மாலையில் தேநீரும் அருந்தினார் என்பதை அவர் மறைக்கவில்லை. தலைவலி அடிக்கடி வந்தது. காலை உணவை நிறுத்திப் பார்த்தார். சில நாள் துன்பமாயிருந்தது. பின்னர்த் தலைவலி முற்றிலும் நீங்கியது. தேவைக்கு மேல் உண்டதே தலைவலிக்குக் காரணம் என்று தெளிந்தார். ஜோகன்னஸ்பர்க்கில் ஏழு பவுன் விலையில் கையால் சுற்றும் மாவரைக்கும் பொறி ஒன்றை வாங்கினார். குடும்பத்தாரும் பிள்ளைகளும் அதில் கோதுமை அரைத்துத் தவிடு நீக்காத மாவில் வீட்டிலேயே ரொட்டி சுட்டனர்.

அன்னை கஸ்தூரிபாவின் உறுதியும் இங்குக் குறிக்கத்தக்கது. அறுவை மருத்துவத்திற்குப்பின் மிக நலிந்திருந்த அவருக்கு மாட்டிறைச்சிச் சாறு தந்தாலன்றிப் பொறுப்பேற்க இயலாது என்று டர்பன் மருத்துவர் கூறினார். முடிவை அம்மையாரிடமே விட்டார் அடிகள். அதனை உண்ணுவதினும் இறப்பதே மேல் என்று அம்மையார் மறுத்துவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்த நாளில் அவரைப் பீனிக்ஸ் குடியிருப்புக்குக் கொண்டு சென்றனர். நீர் மருத்துவத்தால் மெல்லத் தேறினார்.

நோய் மீண்டும் தலைகாட்டியபோது உப்பையும் பருப்பையும் விடுமாறு அடிகள் வேண்டினார். எவர் சொன்னாலும் உங்களாலேயே அவற்றை விட இயலாதே என்று அம்மையார் சொல்லிவிட்டார். அடிகள் அந்த நொடியே தாம் ஓராண்டு அவ்விரண்டையும் விட்டதாக அறிவித்தார். திடுக்கிட்ட அம்மையார் தாம் விட்டுவிடுவதாகவும், கணவர் அவ்விரதத்தைக் கைவிட வேண்டும் என்றும் கண்ணீருடன் மன்றாடினார். ஏற்ற விரதத்தைத் திரும்பப் பெற அடிகள் இசையவில்லை. அம்மையாரின் நோய் விரைவில் தணிந்தது. பிறர்க்கு ஒன்றைச் சொல்லுமுன் தாம் அதனைச் செய்து காட்டுதல் என்னும் வழக்கம் அடிகளின் இல்லத்தில் இவ்வாறு ஊன்றியது.

டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த காலத்தில் 1912இல் நண்பர் காலன்பாக்குடன் பாலையும் விட்டார். பால் புலன்களைக் கிளர்த்தும் என்பதை அவர் முதலில் கேட்டறிந்தது இராசசந்திரரிடமே. கறவைகளைத் துன்புறுத்திப் பால் கறக்கும் கொடுமை பற்றிப் படித்ததும் அம்முடிவை உறுதிப்படுத்தியது. அக்காலத்தில் உண்ணாநோன்பும் பயின்றார். ஒரு குறையை அவர் தம்மிடமே கண்டார்: நோன்பு முடித்து உண்ணும் வேளையில் உணவு முன்னினும் இனித்தது, நாவின் ஆவல் கூடியது. உடல் பட்டினி கிடக்க மனம் பாரணையை எண்ணிக் காத்திருந்தால் நோன்பே நுகர்ச்சிக்கு வழியாகிவிடும் என்று அவர் எச்சரித்தார். பாரணை நாளில் பலவகைப் பண்டம் படைக்கும் இல்லத்தார் எண்ணிப் பார்க்கத்தக்க எச்சரிக்கை இது.

ஐந்து பொருள், பகல் உணவு

1915 சனவரியில் தாயகம் திரும்பிய அடிகளுக்கு எங்கும் விருந்து காத்திருந்தது. கல்கத்தாவில் பூபேந்திரநாத் பாசு அவர்களின் இல்லத்தில் அவர் பழமும் கொட்டைகளும் மட்டுமே உண்பார் என்று அறிந்து, வீட்டுப் பெண்டிர் இரவெல்லாம் விழித்திருந்து கொட்டைப் பருப்புகளைத் தோலுரித்தனர். கிடைத்த பழவகை அனைத்தும் பரிமாறப்பட்டன. எளிய உணவை நாடியவரின் உணவு பிறர்க்குப் பெருஞ்சுமை ஆகிவிட்டது. இது அவர் உள்ளத்தை உறுத்தியது.

அவ்வாண்டு அரித்துவாரத்தில் கும்பமேளா நடைபெற்றபோது ஒரு விரதம் ஏற்றார். இந்தியாவில் இருக்கும்வரை ஒரு நாளில் ஐந்து பொருளுக்குமேல் உண்பதில்லை, இருட்டியபின் உண்பதில்லை. மருந்தையும் ஐந்தனுள் ஒன்றாகவே எண்ணுவது என்று முடிவு செய்து, தப்புவதற்கு எந்த வழியையும் அவர் விட்டுவைக்கவில்லை. இந்த விரதம் தம்மைப் பலமுறை சோதித்தது என்றும், பல நோய்களிலிருந்து காத்துத் தம் வாழ்நாளை நீட்டித்தது என்றும் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து எழுதினார். இரவுண்ணாமையும் நுகர்பொருளுக்கு அளவு வகுத்தலும் சமண இல்லறத்தார்க்கு உரிய ஒழுக்கங்கள். அவற்றை அந்நெறியில் பிறவாத ஒருவர் தம் அனுபவத்தால் சென்றடைந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. அதே ஆண்டில் அகமதாபாத்தில் அமைத்த ஆசிரமத்தின் விரதங்களுள் நாவடக்கமும் ஒன்றாக இடம்பெற்றது.

சறுக்கலும் தெளிவும்

அடிகளின் உணவு வாழ்வில் சறுக்கல்களும் உண்டு. அவற்றை அவரே வெளிப்படையாக எழுதிவைத்தார். 1918இல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்தபோது நிலக்கடலை வெண்ணெயையும் எலுமிச்சையையுமே உண்டு வயிற்றுப்போக்குக்கு ஆளானார். ஒரு பண்டிகை நாளில் உண்ணாதிருக்க எண்ணியவர், கஸ்தூரிபா அன்புடன் வைத்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியையும் பயற்றையும் கண்டு நாவடங்காமல் வயிறார உண்டார். ஒரு மணி நேரத்திற்குள் நோய் முற்றி, சாவின் விளிம்புக்குச் சென்றார். பால் அருந்தினாலன்றி உடல் தேறாது என்று பம்பாய் மருத்துவர் தலால் கூறினார். விரதம் உண்டு என்றார் அடிகள். நீங்கள் பசுவையும் எருமையையும் எண்ணித்தானே விரதம் ஏற்றீர்கள், ஆட்டுப்பாலுக்குத் தடை என்ன என்று கஸ்தூரிபா கேட்டார். வாழும் விருப்பம் வென்றது. ஆட்டுப்பால் அருந்தினார், உடல் தேறியது.

ஆயின் மனம் தேறவில்லை. இலண்டனில் முட்டையைப் பற்றித் தாம் வகுத்த விதிக்கு மாறாக, விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டோம் என்னும் உறுத்தல் முள்ளைப் போல் அவரிடம் தங்கியது. விரதம் தவறியதை மறைத்து நியாயம் கற்பிப்பதைவிட, தவறியது என்று ஏற்றுக்கொண்டு மேலே நடப்பதே நேர்மை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. 1929இல் சமைக்காத உணவை மட்டும் உண்டு பார்த்தார். உடல் ஏற்காமையால் அதனைக் கைவிட்டு, அதனையும் இதழில் எழுதினார். பிடிவாதத்திற்காக அவர் எதனையும் தொடர்ந்ததில்லை.

1942இல் ஆகாகான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது உடல்நலம் பற்றிய சிறுநூல் ஒன்றை எழுதினார். உணவை மருந்தாகக் கருதி உடலைக் காக்கும் அளவுக்கே உண்ண வேண்டும், சுவைக்காக அன்று என்பது அதன் மையக் கருத்து. உடலுழைப்பு மிகாதவர்க்கு நாளொன்றுக்குத் தானியம் 6 அவுன்ஸ், கீரை 3 அவுன்ஸ், பிற காய்கள் 5 அவுன்ஸ், பச்சைக் காய் 1 அவுன்ஸ் என அளவு குறித்தார். பால் 2 பவுண்டும் அப்பட்டியலில் இருந்தது. தாம் விட விரும்பிய பாலைப் பிறர்க்கு மறுக்க அவர் முற்படவில்லை.

1948 சனவரி 30 மாலை, படேலுடன் உரையாடிக்கொண்டே ஆட்டுப்பாலும் காய்கறியும் ஆரஞ்சுப் பழமும் உண்டார். அதுவே அவருடைய இறுதி உணவு. பின்னர் பிரார்த்தனைக்கு எழுந்து சென்றார். அன்றும் கதிரவன் மறைந்திருக்கவில்லை.

அடிகளின் வாழ்வு சமணப் பெற்றோர்க்கு ஒரு செய்தியைத் தெளிவாக உணர்த்துகிறது. விரதத்தைப் பிள்ளைக்குத் தருவது பெற்றோரின் முதற்கடமை. அது இல்லாதிருந்தால் பாரிங்டன் தெருவைக் கண்டடையுமுன்பே அவ்விளைஞர் வழுவியிருப்பார். ஆயின் விரதத்தோடு காரணத்தையும் தர வேண்டும். ஏன் இரவில் உண்பதில்லை, ஏன் கிழங்கை விலக்குகிறோம், ஏன் உயிர்க்கொலை ஆகாது என்று பிள்ளைகள் கேட்கும்போது, பெரியோர் வழக்கம் என்று கூறி முடித்துவிடாமல் உடன் அமர்ந்து விளக்குதல் நன்று. நூல்களை அவர்கள் கையில் கொடுத்தலும் நன்று. வேற்றூர் செல்லும் மகனுக்கும் மகளுக்கும் பெட்டியில் பலகாரம் அடுக்கித் தருவதோடு, ஒரு சிறு அடுப்பில் தமக்கு வேண்டியதைத் தாமே சமைத்துக்கொள்ளும் திறனையும் கற்பித்து அனுப்புவோம். பலகாரம் பத்து நாளில் தீர்ந்துவிடும். கைப்பழக்கம் அவர்களுடனே இருக்கும்.